இரண்டு லென்ஸ்காரர்

சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். நம்மவர் இடிபட்ட கார்களைப் படமெடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புகிறவர். நசுங்கிய பம்பர், பெயர்ந்த கதவு, உடைந்த விளக்கு என்று பாதி ஆயுளை ஒர்க்‌ஷாப்புகளில் குனிந்தே கழித்த மனிதர். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. மகளைப் போனில் படமெடுக்கப் போனால்கூட முன்பக்கம், பின்பக்கம், இடதுபக்கம் என்று ஒரு சுற்று வருவார்.

"நான் என்ன இடிபட்ட வண்டியாப்பா?" என்று கேட்டு, ஒருநாள் அவள் கையை விரித்து முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அதோடு சரி. அதன்பிறகு அவர் போனில் விழுந்ததெல்லாம் மகளின் உள்ளங்கைதான். கைரேகை பார்ப்பவரிடம் காட்டியிருந்தால் ஜாதகமே கணித்திருப்பார்.

இப்போது அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். அதற்குள் அவள் மனசுவிட்டுச் சிரிக்கிற முகம் ஒன்றாவது வேண்டுமே என்று மனுஷர் தவித்தார். அந்தத் தவிப்பு அவரை ஒரு கேமரா கடையில் கொண்டுபோய் நிறுத்தியது.

கண்ணாடி அலமாரியில் அது ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது. சின்ன உருவம். மேலே வெள்ளி நிறம், இடுப்பைச் சுற்றிப் பழுப்புத் தோல், தலையில் திருகுகிற குமிழ்கள். பார்வைக்கு அந்தக் காலத்து ஃபிலிம் கேமரா. உள்ளே எல்லாம் புதுசு. கடைக்காரர் லென்ஸை ஒரு திருகு திருகிக் கழற்றி, இன்னொன்றை வைத்து 'க்ளிக்' என்று பூட்டிக் காட்டினார். அந்தச் சத்தத்தில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. இரண்டு லென்ஸோடு வீடு வந்து சேர்ந்தார்.

மகளுக்கும் அதைப் பிடித்துப்போயிற்று.

"செம ஸ்டைலா இருக்குப்பா. இதுல எடுத்தீங்கன்னா கை நீட்ட மாட்டேன்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் வந்தது வினை. அறையோடு சேர்த்து எடுக்க ஒரு லென்ஸ், முகத்துக்கு ஒரு லென்ஸ். மாற்றும்போது உள்ளே தூசி போய்விடக் கூடாது என்று கடைக்காரர் வேறு பயமுறுத்தி அனுப்பியிருந்தார். ஆகவே ஒவ்வொரு முறையும் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தச் சொல்வார். தாயும் மகளும் வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார்கள். வாயில் ஒரு மூடி, இரண்டு கையிலும் லென்ஸ், மடியில் வாயைப் பிளந்துகொண்டு கேமரா என்று அவர் திண்டாடுவதைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். பூட்டி முடித்துக் கண்ணில் வைப்பதற்குள் சிரிப்பு தீர்ந்துபோய், அடையாள அட்டை முகம் வந்து உட்கார்ந்திருக்கும்.

"இரும்மா, இதுக்கு அந்த லென்ஸ்தான் சரி" என்பார். மறுபடி ஃபேன் நிற்கும்.

"நீங்க மாத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்கு முடியே நரைச்சிடும்" என்பாள் மனைவி.

இது போதாதென்று, கேமராவின் அழகை ஒர்க்‌ஷாப் நண்பர்களுக்குக் காட்டியாக வேண்டுமே. சாப்பாட்டு மேஜையில், ஜன்னல் விளிம்பில், காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் அதை உட்காரவைத்து, போனில் நாலு பக்கமும் படமெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போய்விட்டாள். ஸ்டேஷனிலிருந்து திரும்பியதும் கேமராவில் எடுத்த படங்களைப் போட்டுப் பார்த்தார். அத்தனையும் விறைத்த முகம். பல் தெரிந்தது, மகள் தெரியவில்லை. சோபாவில் அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"போன்லயாவது ஒண்ணு எடுத்தீங்களா?" என்றாள் மனைவி.

"போன்ல இந்தக் கேமராவத்தான் எடுத்தேன்" என்றார், குரலே எழும்பாமல்.

அவள் போனை வாங்கித் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அந்த டப்பாவ விடுங்க. பின்னாடி பாருங்க."

பார்த்தார். கேமராவுக்குப் பின்னால், சோபாவில், தலையைப் பின்னுக்குச் சாய்த்து மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அதற்கடுத்ததில் அம்மாவின் தோளில் முகம் புதைத்து. கேமராவுக்குப் போஸ் சொல்லிக்கொடுத்த அப்பனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. எல்லாமே மங்கல்.

விரலால் பெரிதாக்கினார், முகம் இன்னும் மங்கியது. முன்னால், தோலின் தையல்கூடத் தெரிகிற துல்லியத்தில், பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு அந்தக் கேமரா.

"கொஞ்சம் தள்ளேன்" என்றார் அதைப் பார்த்து.