மாவுத் தூக்குக்குக் காது வைப்பவள்

விளாங்குடியில் பாண்டிச்செல்வி மாவு அரைத்து விற்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பழக்கம் மாறவில்லை. விடிந்ததும் மாவுத் தூக்கின் மூடியைத் திறந்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, குனிந்து காது வைப்பாள். உள்ளே குமிழிகள் உடையும். தூரத்துக் கண்மாயின் மேல் மழை நடந்து போவதுபோல் கேட்கும். கண்ணை மூடினால் ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களை நாளைக்கு மைக்ரோஸ்கோப்பில் காட்டுகிறேன் என்று சயின்ஸ் டீச்சர் சொன்ன சாயங்காலத்தோடு அவள் படிப்பு நின்றது. அந்த மறுநாள் அவளுக்கு வரவே இல்லை.

எதிர்வீட்டு இசைவாணி பி.எஸ்சி. முடித்து, எம்.பி.ஏ.வும் படித்தவள். இரண்டு பேருமாகப் பாக்கெட் மாவுக் கம்பெனி தொடங்கலாம் என்று கூப்பிட்டாள். தை மாதத்தில் அளவு, நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். பாண்டிச்செல்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கே.கே. நகர் கடையின் முதல் ஆர்டர் சித்திரையில் வந்தது. அது நிலைத்தால்தான் கம்பெனி. அன்று காலை மாவு சடசடவென்று அவசரமாகப் பேசியது. இன்றைக்குப் பாக்கெட்டில் நிறைய ஊற்றி இறுக்கி ஒட்டக்கூடாது என்று பாண்டிச்செல்விக்குத் தெரிந்தது. நோட்டில் குளிரடிக்கும் தை மாத அளவுதான் இருந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பாண்டிச்செல்வி ஏறிய ஷேர் ஆட்டோ கோரிப்பாளையம் தாண்டுவதற்குள் நாற்பது பாக்கெட்டும் உப்பி, ஒவ்வொன்றாக வெடித்தன. வேட்டியெல்லாம் மாவான ஒருவர், "இட்லிச் சட்டியையும் எடுத்தாந்திருக்கலாம் தாயி, போற வழியிலயே அவிச்சிருக்கலாம்" என்றார். ஆட்டோவே சிரித்தது. அடுத்த வாரம் ஒரு தடவை பார்ப்போம் என்று மட்டும் கடைக்காரர் சொன்னார்.

திரும்பி வந்ததும் காலையிலேயே மாவின் சத்தத்தில் தெரிந்துவிட்டதைப் பாண்டிச்செல்வி இசைவாணியிடம் சொல்லிவிட்டாள்.

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"நீ அம்புட்டுப் படிச்சவ. நான் என்னத்தச் சொல்ல?"

இசைவாணி குனிந்து தூக்கில் காது வைத்தாள். வெகுநேரம் எழவில்லை. பிறகு, மாவுக்குள் கோடிக்கணக்கான சின்ன உயிர்கள் மூச்சு விடுவதையும், வெயிலில் அந்த மூச்சு கூடுவதையும் சொன்னாள்.

"பரீட்சைக்குத்தான் படிச்சேன். இந்தத் தூக்குக்குள்ள இருக்குன்னு தோணவே இல்ல."

 இத்தனை வருடமாகப் பாண்டிச்செல்வி கேட்டுக்கொண்டிருந்தது அவற்றைத்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அந்த மறுநாள் மெல்ல வெளுத்ததுபோல் இருந்தது.

"மிச்சத்தையும் படிக்கணும் வாணி."

இப்போது கம்பெனி இருவர் பெயரிலும் இருக்கிறது. கே.கே. நகருக்கு மாவு போகிறது. நோட்டில் 'சத்தம்' என்று ஒரு கட்டம் உண்டு, அதை நிரப்புவது பாண்டிச்செல்வி. பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதினாள். அறிவியலில் பாஸ். கணக்கில் போய்விட்டது, மறுபடி எழுதப் பணம் கட்டியிருக்கிறாள்.