மண்டபத்தின் நடுவே கட்டிய கயிறு

ஹோசியா கிரிம்ஸை வீரர் என்று சொல்ல எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. அமெரிக்காவின் தெற்கே, மெம்ஃபிஸில் எங்கள் தேவாலயச் சபையைச் சேர்ந்தவர். குத்துச்சண்டை நாள்களில் மண்டபத்தின் நடுவே கயிறு கட்டுவது அவர் வேலை. ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பர்களான நாங்கள். சண்டை மேடையில் தொய்ந்துபோன பழைய கயிறுதான் இதற்கு வரும். சாய்கிறவர்களின் கையை உரசக் கூடாதென்று ஹோசியா அதற்குத் துணி சுற்றித் தைத்திருந்தார். தன் கட்டு ஒருநாளும் தளர்ந்ததில்லை என்ற பெருமையும் அவருக்கு இருந்தது.

முடிதிருத்தும் கடையில் ராஸ்கோ அவரை விடமாட்டான்.

"வாங்கண்ணே, கயித்துக்காரரே! வகிடு எங்க எடுக்கட்டும்? நடுவுலதானே, வழக்கம்போல?"

"சிரிடா, சிரி. நான் கட்டலன்னா வேற ஒருத்தன் கட்டுவான். அவன் முள்ளுக்கம்பியில கட்டுவான்."

அந்த வாதம் பொய்யில்லை. ஆனால் உண்மையான வாதத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதன் ஒளிந்துகொள்ள முடியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் லீலாண்ட் டேட் ஊருக்கு வந்தார். எங்கள் தெருவில் பிறந்து உலகப் பட்டம் வென்றவர். பட்டத்துக்காக அல்லாத காட்சிப் போட்டிதான், ஆனாலும் மண்டபம் நிரம்பி வழிந்தது. உடை மாற்றும் அறையிலிருந்து அவர் சொல்லியனுப்பினார்: கயிறு இருக்கும்வரை கையுறை மாட்டமாட்டேன்.

மண்டபத்தின் வெள்ளைக்கார மேலாளர் கோபில் வியர்த்து வழிந்தபடி வந்தார். ஹோசியாவைவிட வயதில் மிகவும் இளையவர்.

"ஹோசியா, அவுத்துடு. மணி அடிச்சதும் எல்லாரும் மேடையத்தான் பாப்பானுங்க. அப்ப சத்தமில்லாம திரும்பக் கட்டிடு. புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

அவிழ்த்தார். யாரும் அசையவில்லை. கயிறு ஓடிய இடத்தையொட்டி இருபுறமும் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. கயிறு இல்லாமலேயே அதன் வேலை நடந்துகொண்டிருந்தது. நானும் என் இடத்தில்தான் இருந்தேன்.

டேட் மேடை ஏறினார். மணி அடித்தது. கோபில் கண்ணைக் காட்டினார். ஹோசியா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தூணருகே போனார். ஒரு சுற்று சுற்றினார். பிறகு அதையும் உருவிவிட்டு, காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். கயிறு மடியில் கிடந்தது. அந்த மண்டபத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

கோபில் குனிந்து வந்தார். "என்ன பண்றே?"

"ஆட்டம் பாக்குறேங்கய்யா."

"வேலை வேணுமா, வேணாமா?"

"வேணுங்கய்யா. முட்டி வலிக்குது. கொஞ்சம் உக்காந்துக்குறேன்."

எங்கள் பக்கத்திலிருந்து ஹோசியாவின் மனைவி லூவீனியா எழுந்து வந்தாள். சபைக்குப் போடும் தொப்பியைப் போட்டிருந்தாள்.

"காலை மடக்குங்க. நான் அந்தப் பக்கம் போகணும்."

"எங்கடி போறே?"

"நீங்க மட்டும் ஆட்டம் பாத்தா போதுமா?"

அவரைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்திருந்த வெள்ளைக்காரர் தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், எழுந்து போகவில்லை. பிறகு ராஸ்கோ வந்தான். பிறகு வேறு சிலர். நான் எழுந்தபோது வரிசையில் இடமில்லை.

மறுநாளே ஹோசியாவுக்கு வேலை போயிற்று. அடுத்த போட்டிக்கு வேறொருவன் கயிறு கட்டினான்; அது மண்டபத்தை விட்டுப் போகச் சில ஆண்டுகளும் ஒரு வழக்கும் தேவைப்பட்டன. பத்திரிகைகள் டேட்டைப் பற்றி எழுதின. எழுத வேண்டியதுதான், அவர் மறுத்திராவிட்டால் ஹோசியா அவிழ்த்திருக்கமாட்டார். ஆனால் ஹோசியா அதைத் திரும்பக் கட்டாமல் இருந்தது டேட்டுக்குத் தெரியவே தெரியாது.

அந்த வாரம் ராஸ்கோ அவருக்குத் துண்டு போர்த்திவிட்டுக் கேட்டான்:

"அண்ணே, அவ்வளவு கிட்டக்க உக்காந்தீங்களே, சாம்பியன் இடது கையால விட்டாரே ஒண்ணு, பாத்தீங்களா?"

ஹோசியா கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா பாத்தேன்? மடியில கிடந்த கயித்த விட்டு என்னால கண்ண எடுக்கவே முடியல."

அன்று யாரும் சிரிக்கவில்லை. ராஸ்கோ கத்தரிக்கோலை எடுத்தான். வகிடு எங்கே என்று கேட்கவில்லை.