நடந்ததாகச் சொன்னவர்களின் ரத்தம்

ரத்தம் எடுப்பவளிடம் எல்லாரும் கையை நீட்டுவார்கள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கம்பம் ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் இத்தனை வருடமாக நான் பார்த்தது பெரும்பாலும் காதுகளைத்தான்.

‘தினமும் நடங்கள்’ என்று டாக்டர் சொல்லி அனுப்பிய சக பாவிகளே, நானும் உங்கள் கூட்டம். எனக்கு விரல் மூட்டுகளில் வாதம். உடம்பு தன்னையே எதிரியென்று நினைத்துச் சண்டை போடுகிற நோய். தனியாக வாழ்கிறவளுக்கு வீட்டில் ஒரு சண்டை வேண்டாமா? மாத்திரையோடு நடையும் சேராவிட்டால் ஊசி பிடிக்க விரல் உதவாது என்றார் டாக்டர். மாத்திரையை மட்டும் விழுங்கினேன்.

பரீட்சைக்கு முதல் நாள்

கூடலூர் ஜீப் டிரைவர் ஒருவருக்கு சி.ஆர்.பி. சோதனை. உடம்புக்குள் எவ்வளவு அழற்சி, அதாவது உள்வீக்கம், என்று எண்ணாகக் காட்டுவது அது. வருடம் முழுக்க ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தவர், சோதனைக்கு முதல் நாள் ஜீப்பை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, குமுளி வரை மலைச்சாலையில் ஓடியே ஏறியிருக்கிறார்.

மறுநாள் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பழகாத உடம்பை ஒரே நாளில் வதைத்தால் அந்த எண் இறங்காது, ஏறும். ஏறியிருந்தது. இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துவிட்டு மறுபடி வரச் சொன்னேன். ரிப்போர்ட்டை வெறித்துப் பார்த்தார்.

“பேசாம ஜீப்புலயே போயிருந்தா இது ஏறியிருக்காதேக்கா!”

நடைச் சங்கம்

உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி, நான்கு நண்பர்களோடு காலையில் நடக்கிறவர். ஐந்து பேருக்கும் ஒரே நிறத்தில் ஷூ. ஆறு மாதமாக நடந்தும் அவர் சி.ஆர்.பி. எண் அசையவில்லை. விசாரித்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை நடை, ஆளுக்கு மூன்று வடை, அப்புறம் ஆட்டோ.

“நடக்கத்தாம்மா சொன்னாக. திரும்பி வர்றதப் பத்தி டாக்டர் ஒண்ணுஞ் சொல்லலையே!”

குழாய் மாறிவிட்டதாம்

திராட்சைத் தோட்டத்து முதலாளியம்மா காய்ச்சல் விட்டபின் சோதனைக்கு வந்தார். அதே காய்ச்சலில் கிடந்து எழுந்த தோட்டக்காரி பேச்சியும் கூட வந்தாள். பேச்சிக்கு எண் இறங்கிவிட்டது, அம்மாவுக்கு இறங்கவில்லை. ரத்தம் பிடித்த குழாயை மாற்றிவிட்டேன் என்று சண்டை. “நான் பாதாம் திங்கிறவ, அவ கஞ்சி குடிக்கிறவ!”

பேச்சி நாளெல்லாம் தோட்டத்தில் நடக்கிறவள்; நடக்கும்போது தசைகள் வீக்கம் தணிக்கிற பொருள்களை ரத்தத்தில் கலக்கின்றன. மூலையில் தூங்கும் வெள்ளணுக்களும் ரோந்துக்குக் கிளம்புகின்றன என்று விளக்கினேன். பேச்சியின் முதுகுவலியை எந்தக் குழாயும் காட்டாது என்பதையும் சொன்னேன். அது அம்மாவின் காதில் விழவில்லை.

“அப்ப நாளையிலேர்ந்து எனக்கும் சேத்து இவளையே நடக்கச் சொல்லிர்றேன்!”

என் முறை

ஊருக்கெல்லாம் உபதேசித்த எனக்கு ஒருநாள் காலையில் விரல் மடங்கவில்லை. பண்ணைப்புரத்திலிருந்து வந்த அம்மாளுக்கு இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. லேப் முதலாளி ஊசியை வாங்கி, கூட வேலை பார்க்கும் சித்ராவிடம் கொடுத்துவிட்டு, என்னை ரிப்போர்ட் மேசைக்கு அனுப்பினார். மூன்று மாதத்தில் விரல் சரியாகாவிட்டால் அந்த மேசைதான் நிரந்தரம் என்றார். எனக்குத் தெரிந்த ஒரே வேலை போகிறது. அந்த அம்மாள் பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னாள்:

“ஆத்தா, அடுத்தவுக கைய பாக்குறதுக்கு முன்னாடி ஒங்கையக் கொண்டுபோயி யாருட்டயாச்சும் காட்டு.”

கால்வாய்க் கரை

மறுநாளே கால்வாய்க் கரையில் நடக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் மூட்டெல்லாம் என்னைத் திட்டியது. மாத்திரையையும் விடவில்லை, நடையையும் விடவில்லை. மூன்றாம் மாதம் சித்ரா எனக்கு ரத்தம் எடுத்தாள். எண் இறங்கியிருந்தது. விரல்கள் மடங்கின. எதனால் எவ்வளவு என்று டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை. முதலாளி தன் கையையே நீட்டினார். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. ஊசி திரும்ப என்னிடம் வந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இத வெளிய சொல்லிறாதீக, எல்லாரும் நடந்து தேறிட்டாகன்னா நம்ம லேப்ப இழுத்து மூட வேண்டியதுதான்!”

ஆகவே நான் யாரிடமும் சொல்லவில்லை, எழுத மட்டும் செய்தேன், நீங்கள் இதைப் படித்துவிட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.