சுங்கை பஞ்சாங் வயலிலிருந்து பக்கத்து விண்மீன் மண்டலம்

கடந்த பிப்ரவரியில், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை போனோம். காரணம் என் அக்கா வசந்தி. ரவாங்கில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. பகுதி நேரமாக முதுகலை ஆய்வும் செய்கிறாள். நான்கு வருடமாக ஒரே வேலை: பெரிய மகெல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் இளம் விண்மீன்களை அடையாளம் காண்பது. வயதான சில விண்மீன்களின் ஒளி கடிகாரம் போல ஒரே சீராகக் கூடிக் குறையும். இளசுகளுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. சுற்றியுள்ள வாயு மேலே விழுந்தால் பளிச்சிடும், தூசு குறுக்கே வந்தால் மங்கும். எல்லாம் கணினியில் வரும் எண்கள்தான். அந்த மண்டலத்தை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

திங்களன்று பேராசிரியருக்கு அந்த இளம் விண்மீன்களின் பட்டியல் போக வேண்டும். அதில் ஒரு விண்மீன்தான் சிக்கல். நான்கு வருடத் தரவில் ஒரே ஒரு முறை, பதினொரு நாள் மங்கியிருந்தது. அவள் முதன்முதலில் கண்டுபிடித்ததும் அதுதான். "ஒரு தடவை போதாது" என்று பேராசிரியர் சொன்னதிலிருந்து அக்கா சரியாகப் பேசவில்லை. "வா, நேரிலேயே பார்த்துட்டு வருவோம்" என்று கிளப்பிவிட்டேன்.

மாலை மூன்றரைக்குப் புறப்பட்டோம். கோலா சிலாங்கூர் வரை ஒரு மணி நேரம். அதன் பிறகு செம்பனைத் தோட்டங்கள், அவை முடிந்ததும் தண்ணீர் கட்டிய வயல்கள். சுங்கை பஞ்சாங் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். கார் காட்டிய தூரம் நூற்றெட்டு கிலோமீட்டர். பெட்ரோல் முப்பது வெள்ளி (ரிங்கிட்), தங்கும் அறை நூற்றுப் பத்து.

அங்கிருந்து சபாக் ஊருக்குப் போய் ஓர் ஒட்டுக்கடையில் மீ கோரெங் சாப்பிட்டோம். கடைக்காரர் சிவா அண்ணன், "மின்மினி பார்க்க வந்தீங்களா? அது கோலா சிலாங்கூர்லலா. தாண்டி வந்துட்டீங்க" என்றார்.

"இல்லண்ணே. ஒரு கேலக்சி பார்க்க வந்தோம்" என்றாள் அக்கா.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா லைட் இல்லாத எடம் வேணும். கடைய சாத்திட்டு வர்றேன்."

மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் சுங்கை பஞ்சாங் வயல் நடுவே வாய்க்கால் கரை ஒன்றைக் காட்டினார். எட்டரைக்கு நன்றாக இருட்டிவிட்டது. வயல் தண்ணீரிலும் நட்சத்திரங்கள் கிடந்ததால் தரை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. தெற்கே மட்டும் ஊர்களின் வெளிச்சம், அதன் மேல் மேகம். ஒன்பதுக்கு மேல் மேகம் விலகியது. அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே, சற்று வலப்பக்கம், ஊதிவிட்ட மூச்சு போல ஒரு வெண்மை. அதுதான் அக்காவின் மண்டலம்.

அக்கா பைனாகுலரை இறக்கவே இல்லை. கடைசியில் தான் தேடும் இளம் விண்மீன்களைப் பற்றிச் சொல்லியபடி சிவா அண்ணனிடம் கொடுத்தாள்.

"இதுலயா சின்னப் பிள்ளைங்க இருக்கு?"

"ஆமாண்ணே. ஆனா தனித்தனியா இதுல தெரியாது."

"நீங்க தப்பா சொல்லிட்டா? அவ்ளோ தூரம் யாரு போயி பார்க்கப் போறா?"

"யாரும் போவ முடியாதுண்ணே. அதனாலதான் பார்த்துச் சொல்லணும்."

மறுநாள் காலை பசியாறிய கையோடு மடிக்கணினியைத் திறந்தாள். "அந்த ஒரு தடவ மங்குனத அழிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல. இன்னும் தெரியலன்னு தனியா எழுதி வச்சிட்டேன்." பட்டியலை அப்போதே அனுப்பிவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்ல காலம், இரவு ஒன்பதை ஒட்டிப் பார்க்கலாம். நிலா இருந்தால் போக வேண்டாம். அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரம்கூட ஏறாது, அதனால் தெற்கே மரம் இல்லாத இடம் வேண்டும். சாதாரண பைனாகுலர் போதும். கொசு மருந்து கட்டாயம். மேகம் எங்களுக்கு விட்டுக்கொடுத்தது பன்னிரண்டு நிமிடம்தான். படம் எடுப்பதில் அதைச் செலவழிக்காதீர்கள். நான் ஐந்து நிமிடத்தை அப்படித்தான் தொலைத்தேன். ஒரு படமும் தேறவில்லை.