மருந்து யாருக்கு, மாவு யாருக்கு

கம்பத்துப் பக்கம் திராட்சைப் பந்தலில் கொடிகளைக் கவாத்து வெட்டுகிறவள் சங்கிலியம்மாள். கத்தரியைக் கையில் எடுத்தால் மேஸ்திரிக்கே யோசனை சொல்லுவாள். எதிர்வீட்டு இருளம்மாள் அவளுக்கு ரெண்டு வழியில் மதினி. சங்கிலியம்மாளின் அண்ணனுக்கு இருளம்மாளையும், இருளம்மாளின் தம்பிக்குச் சங்கிலியம்மாளையும் ஒரே நாளில் கட்டி வைத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. இந்த வீட்டுக்கு என்ன வந்தாலும் அந்த வீட்டுக்கும் அதே வர வேண்டும் என்பது அன்றைக்கே பேசி முடித்த பேச்சு. ஒருத்திக்குப் பச்சைச் சேலை என்றால் இன்னொருத்திக்கும் பச்சை. ஒரு தடவை இருளம்மாளுக்கு அவள் வீட்டில் அடி விழுந்தது என்று கேள்விப்பட்டு, பதிலுக்கு ஒன்று போட வந்தான் சங்கிலியம்மாளின் புருஷன். அவள் கையிலிருந்த கவாத்துக் கத்தரியைப் பார்த்தான். டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அப்படியே திரும்பிவிட்டான்.

அந்த அண்ணன், அதாவது இருளம்மாளின் புருஷன், ஈரலில் புற்று வந்து செத்துப்போனார். கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு பானை மாதிரி. தெரிந்து மூணே மாசம்தான். பிறகு வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சங்கிலியம்மாளுக்கும் இருளம்மாளுக்கும் அவருக்கு இருந்த அதே மஞ்சள்காமாலைக் கிருமி ஈரலில் குடியிருப்பது தெரிந்தது. அது என்றைக்கு வேலையைக் காட்டும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில் தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார்கள். இதய அடைப்புக்குக் கொடுக்கிற, கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை, இந்த மாதிரி ஈரலில் புற்று வராமலும் தடுக்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. சேருகிறவர்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஈரலை ஸ்கேன் எடுப்பார்கள். ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். சங்கிலியம்மாள் கைநாட்டு வைத்தது அந்த ஸ்கேனுக்காகத்தான். அண்ணனுக்கு வந்தது தனக்கும் வந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

டாக்டர் சுந்தரலிங்கம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது அவருக்கே தெரியாது. ஆளுக்கொரு பெட்டி கொடுத்து அனுப்பினார்.

பஸ் ஏறியதும் இருளம்மாள் ஆரம்பித்தாள்.

"ஏ சங்கிலி, ஒனக்கு மருந்தும் எனக்கு மாவும் வந்திருந்தா?"

"ஏன், எனக்கு மாவு வந்திருக்கக் கூடாதாக்கும்?"

"ஒனக்கு மருந்துதேன் குடுத்திருப்பாக. அங்கன அந்த டாக்டர்ட்ட அம்புட்டுப் பல்லையும் காட்டுனயே."

"மதினி, ஒனக்கு இருக்கறதே நாலு பல்லு. நீயும் காட்ட வேண்டியதுதான?"

சின்னமனூர் தாண்டுவதற்குள் முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்து ரெண்டு பெட்டி மாத்திரை அட்டைகளையும் ஒரே டப்பாவில் இடமும் வலமுமாக அடுக்கினார்கள். ஒரு நாள் இந்தப் பெட்டி அட்டையிலிருந்து ஆளுக்கொன்று, மறுநாள் அந்தப் பெட்டி அட்டையிலிருந்து ஆளுக்கொன்று. காலி அட்டைகளைச் சரிபாதியாக எண்ணி ரெண்டு பெட்டியிலும் போட்டு வைத்தார்கள். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. கம்பெனி பேராக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

மாசாமாசம் மார்க்கையன்கோட்டையிலிருந்து சுபாஸ்ரீ என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து காலி அட்டைகளைப் பெட்டியோடு எண்ணி வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு புதுப் பெட்டி கொடுத்துவிட்டுப் போவாள். ஆராய்ச்சிக்கு அவள்தான் இந்தப் பக்கத்து ஆள். "பெரியம்மா, நீங்க ரெண்டு பேருந்தான் ஒருநாள்கூடத் தப்பவிடாமச் சாப்பிடுறீங்க," என்பாள். ரெண்டு பேரும் அடக்கமாகத் தலையை ஆட்டுவார்கள்.

ஒண்ணரை வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி, ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்த பெட்டிகளைச் சரிபார்க்க வந்தார். அந்தப் பொடி எழுத்துதான் ஆளுக்கு ஆள் மாறுகிற நம்பர். சங்கிலியம்மாள் பெட்டியில் பாதி அட்டை இருளம்மாள் நம்பர், இருளம்மாள் பெட்டியில் பாதி சங்கிலியம்மாள் நம்பர்.

சுபாஸ்ரீ பந்தலுக்கே தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நாந்தான் மாத்திக் குடுத்துட்டேன்னு சொல்றாங்க பெரியம்மா. நாளைக்கு விசாரிக்கிறாங்க. வேலை போயிரும் போல. நீங்க எதுவும் மாத்திக்கலையே?"

"நாங்க எதுக்குத் தாயி மாத்தப்போறோம்?" என்று சொல்லிவிட்டுக் கொடியைப் பார்த்தபடி கத்தரியை ஓட்டினாள் சங்கிலியம்மாள். காய் பிடிக்க வேண்டிய கணுவையெல்லாம் நறுக்கித் தள்ளினாள். மேஸ்திரி அங்கிருந்து கத்தினார். முப்பது வருஷத்தில் அவளைப் பார்த்து அவர் கத்தியது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் இருளம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உண்மையச் சொன்னா நம்ம பேர அடிச்சிருவாக," என்றாள் இருளம்மாள். "ஸ்கேனும் போயிரும்."

"சொல்லலைன்னா அந்தப் புள்ள பேர அடிச்சிருவாக மதினி."

"அதுக்கு வேற வேலை கெடைக்கும். நமக்கு வேற ஈரல் கெடைக்குமா?"

ஆனாலும் விடிந்ததும் சங்கிலியம்மாள் தேனி பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இருளம்மாள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீ பாட்டுக்கு அங்கன போயி ஒளறி வப்ப," என்றாள். "கூட ஒரு ஆளு வேணும்ல."

டாக்டர் அறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். சுபாஸ்ரீ சுவரோரம் நின்றிருந்தாள்.

"இந்தப் புள்ள சரியாத்தேன் குடுத்துச்சு," என்றாள் சங்கிலியம்மாள். "நாங்கதேன் கலந்து தின்னோம்."

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?" என்றார் அதிகாரி.

"ஒருத்திக்கு மருந்து, ஒருத்திக்கு மாவுன்னு சொன்னா குடும்பம் நடக்குமாய்யா? நீங்க பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருந்தா இப்படிக் கேக்க மாட்டீக."

டாக்டர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கிலியம்மாளுக்குக் குரல் இறங்கியது. "ஸ்கேன நிறுத்துறதுன்னா நிறுத்திக்கங்க. புள்ளைய விட்டுருங்க."

"மாத்திரை இனிமே ரெண்டு பேருக்கும் கிடையாது," என்றார் டாக்டர். "ஸ்கேன் கடைசி வரைக்கும் உண்டு. தப்பாச் சாப்பிட்டவங்களையும் கடைசி வரைக்கும் பாத்தாகணும், அதுதான் ஆராய்ச்சியோட விதி. சேரும்போதே படிச்சுக் காட்டினேனே, பதினோராம் பக்கத்துல."

"பதினோராம் பக்கத்துல நாங்க மாவப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருந்தோம்," என்றாள் இருளம்மாள்.

சுபாஸ்ரீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அதிகாரி எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

வந்தது வந்தோம், இந்த ஆறு மாச ஸ்கேனையும் எடுத்துவிட்டுப் போகலாம் என்று சங்கிலியம்மாள் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். ஸ்கேன் எடுக்கிறவர் வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவினார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். கருவியை அங்கும் இங்கும் உருட்டிப் பார்த்தார்.

"போதும்மா, மூச்ச விடுங்க."

விடவில்லை. முகம் சிவந்தது.

"விடுங்கம்மா, முடிஞ்சிருச்சு."

சங்கிலியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, திரையை விரலால் காட்டினாள். ஸ்கேன் எடுக்கிறவர் கதவுப் பக்கம் திரும்பி, அங்கே நின்றிருந்த டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வந்து குனிந்து திரையைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"கட்டி கிட்டி எதுவும் இல்ல," என்றார். "ஈரல் சுத்தமா இருக்கு."

அப்புறம்தான் விட்டாள்.