அரைக்கட்டை இறங்கிய கீபோர்ட்

கீபோர்டை மேசையில் வைத்த கையோடு சசி சொன்னார்: "நானா, இது அரைக்கட்டை இறங்கிட்டு. C அடிச்சா B கேக்குது."

கல்முனையில் என் ரிப்பேர் கடைக்குக் கீபோர்டுகள் அடிக்கடி வரும். இப்படியொரு முறைப்பாடு அதற்கு முன்னர் வந்ததில்லை. சசி விநாயகபுரத்துக்காரர். முன்பு அண்ணனோடு கடலுக்குப் போனவர். இப்போது கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கீபோர்ட் வாசிப்பதுதான் வருமானம். மனைவி சுகந்தியும் கூட வந்திருந்தார்.

சுருதி அளக்கும் டியூனரை இணைத்தேன். A நோட்டுக்கு, இருக்க வேண்டியபடியே, 440 காட்டியது. சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸும் பூச்சியத்தில் இருந்தது. டிஜிட்டல் கீபோர்டில் ஒரு கட்டை பழுதாகலாம். செட்டிங் மாறாமல் எல்லாக் கட்டையும் ஒரே அளவில் இறங்காது. இருந்தும் திறந்து பார்த்தேன்.

"ஒரு பிழையும் இல்ல தம்பி."

"அப்ப உங்கட டியூனர் பிழை."

கடையில் என்னோடு வேலை செய்யும் றமீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கீபோர்டின் முன்னால் அட்டைப் பெட்டியை வைத்து மறைத்தான். "பாக்காமச் சொல்லுங்க பாப்பம், இது என்ன?" என்று ஒவ்வொரு கட்டையாக அழுத்தினான். சசி தயங்காமல் சொன்னார். ஒரு பதிலும் சரியில்லை. ஆனால் எல்லாம் ஒரே மாதிரியான பிழை: சரியாக அரைக்கட்டை கீழே. ஊகித்துச் சொல்பவர் மேலேயும் கீழேயும் பிழைவிடுவார். இவர் ஊகிக்கவில்லை.

நம்மில் பலர் சுரத்தை ஒப்பிட்டுத்தான் அறிகிறோம். ஒரு நோட்டைத் தந்தால் மற்றதைப் பிடிப்போம். மிகச் சிலருக்கு அந்த முதல் நோட்டே தேவையில்லை. சிவப்பைப் பார்த்துச் சிவப்பு என்பதுபோல் கேட்டவுடன் பெயர் வரும். அநேகமாகச் சிறு வயதிலேயே ஒலியும் பெயரும் ஒன்றாகப் பழகியவர்களுக்கு வாய்ப்பது அது. சசியின் அப்பா கோயில் பஜனையில் ஹார்மோனியம் வாசித்தவர். பள்ளிக்கூடம் போக முன்னரே சசிக்குக் கட்டைகளின் பெயர் தெரியுமாம்.

"வேற என்ன இறங்கிக் கேக்கிது?" என்று கேட்டேன்.

"எல்லாம் நானா. கோயில் மணி. பாண் விக்க வாற ஓட்டோவில போடுற பாட்டு."

"பாண்காரனுமா? ஊரே பேசி வெச்சி இறங்கிட்டா?" என்றான் றமீஸ்.

சசி சிரிக்கவில்லை. "விசர் பிடிக்குதோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார்.

எப்போதிருந்து என்று கேட்டேன். பதில் சுகந்தியிடமிருந்து வந்தது. "குளிசை துடங்கின பிறகுதான்." தோணியில் வைத்து வலிப்பு வந்து சசி தண்ணீருக்குள் விழுந்ததையும், அண்ணன் தலைமயிரில் பிடித்துத் தூக்கியதையும் சொன்னார். கிளினிக்கில் வலிப்புக்குக் குளிசை கொடுத்து, கடலுக்குப் போகக் கூடாது என்றார்களாம். அதன்பிறகு வலிப்பு வரவில்லை.

"சில குளிசைக்குக் காது இப்பிடி மாறிக் கேக்கும் எண்டு வாசிச்சிரிக்கன்" என்றேன்.

சசியின் முகம் தெளிந்தது. சட்டைப் பையிலிருந்து குளிசை அட்டையை எடுத்து என் மேசையில் போட்டார். "அப்ப இண்டைக்கே விட்டுடுறன். நாளண்டைக்கு அக்கரைப்பற்றில கல்யாண வீடு இருக்கு."

"என்னத்துக்கு நானா இத இவருக்குச் சொன்னீங்க?" சுகந்தி அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு கணவரிடம் திரும்பினார். "மேடையில விழுந்து கிடந்தா எந்தக் கட்டையில வாசிப்பீங்க?"

கடையை றமீஸிடம் விட்டு அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். "இந்த மருந்துக்கு இப்படி நடக்கிறதுதான். மற்றவங்களுக்குத் தெரிய வராது; உங்களுக்குத் தெரியுது" என்றார். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம், வேறு மருந்துக்கு மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

"அதுவரைக்கும்?" என்றார் சசி.

"அதுவரைக்கும் ஒரு நேரமும் விடாமக் குடிக்கணும்."

அக்கரைப்பற்றுக் கல்யாண வீட்டுக்கு ஸ்பீக்கர் செட் எங்கள் கடையுடையது; நானும் போயிருந்தேன். முதல் பாட்டுக்கு முன்னர் பாடகர் ஓரடியை மெல்லப் பாடிக் காட்டிவிட்டு வழக்கம்போல் சசியைப் பார்த்தார். அந்தக் குழுவில் எல்லோருக்கும் சுருதி சொல்பவர் சசிதான்.

"எந்தச் சுருதி? பேரச் சொல்லு" என்றார் சசி.

"என்ன மச்சான், என்னட்டயா கேக்கிறாய்? பகிடியா?"

"ஓம், உன்னட்டத்தான். சொல்லு."

பாடகர் சொன்னார். சசி தலையைக் குனிந்து, விரல்களைக் கண்ணால் பார்த்தபடியே வாசித்தார். அவருடைய காதில் ஒவ்வொரு பாட்டும் பிழையாகவே கேட்டிருக்கும். மண்டபத்தில் ஒருவருக்கும் ஒரு பிழையும் கேட்கவில்லை.

இடைவேளையில் சுகந்தி தண்ணீரும் குளிசையும் கொண்டுவந்தார். சசி குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் கீபோர்டைப் பார்த்தார். பிறகு விழுங்கினார்.

மருந்து மாற்றி முடியச் சில மாதங்கள் சென்றன. காது பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று சொல்கிறார். இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கோளாறின் காரணம் பிடிபட்டதும் வாயைத் திறந்துவிடாதீர்கள். அதைக் கேட்டதும் எதிரில் நிற்பவர் என்ன செய்வார் என்று முதலில் யோசியுங்கள்.