மூன்று செல் கரு

எண்பதுகளின் பிற்பாதியில், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். அதற்கு முன் மலேரியாக் கிருமி தேடி ரத்தத் துளிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்கு இந்தப் புது வேலையைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

"கண்ணாடித் தட்டுலயா பிள்ள வளக்கிறீங்க?"

"ரெண்டே நாளுக்குத்தாம்மா. அப்புறம் தாய் வயித்துக்குள்ள வச்சிருவாங்க."

அந்த இரண்டு நாளும் என் பொறுப்பு. கருமுட்டையையும் விந்தணுவையும் சேர்த்து, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டிக்குள் வைப்பேன். கரு உண்டானால் ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும். செல்கள் ஒரே அளவில், இடையில் உடைந்த துணுக்குகள் இல்லாமல் இருந்தால் 'நல்லது' என்று எழுதுவேன். கோணல்மாணலாக இருந்தால் நம்பிக்கை குறைவு. ஆனால் பார்க்க அத்தனை அழகாக இருந்த கருக்களும் தாய் வயிற்றில் தங்கவில்லை. டாக்டரும் நானும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கி ஓராண்டாகியும் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை.

அப்போதுதான் ஆயர் தாவார் என்ற ஊரிலிருந்து அந்தத் தம்பதி வந்தார்கள். கணவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். மனைவி ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவரிடமிருந்து மூன்று முட்டைகள் கிடைத்தன. இரண்டு கருவாயின.

இரண்டாம் நாள் காலை பார்த்தபோது ஒன்று ஒரே செல்லாகக் கறுத்து நின்றுவிட்டிருந்தது. மற்றதில் மூன்று செல்கள். டாக்டர் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணு பெருசு, ரெண்டு சின்னது. இது சரியா வராது. அவங்ககிட்ட சொல்லிடுவோம்."

நான் அதுவரை அவரை மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அந்தக் கருவை அவருக்கு முன்பே நான் வெகுநேரம் பார்த்திருந்தேன்.

"டாக்டர், சின்னது ரெண்டும் ஒரே அளவு. ரெண்டையும் சேத்தாதான் பெருசு அளவு வருது. ஒண்ணு முந்திப் பிரிஞ்சிருச்சு, இன்னொண்ணு இன்னும் பிரியல. இது கோணல் இல்ல, பாதி வழியில இருக்கு. மத்தியானம் வரைக்கும் பாப்போமே."

அவர் மறுபடி குனிந்தார். "ரெண்டு மணி வரைக்கும்," என்றார்.

சூடு குறைந்துவிடும் என்பதால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கவும் முடியாது. வெளியே பெஞ்சில் இருவரும் காத்திருந்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கக்கா. பிரிஞ்சுகிட்டு இருக்கு."

"பொறுக்கிறது எங்களுக்குப் பழக்கம்தான் லா," என்றார் கணவர்.

இரண்டு மணிக்குத் தட்டை எடுத்தேன். லென்ஸைத் திருகித் தெளிவாக்கினேன். பெரிய செல் அங்கே இல்லை. நான்கு செல்கள், நான்கும் ஒரே அளவு, ஓரத்தில் ஒரே ஒரு சின்னத் துணுக்கு.

டாக்டர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நீ சொன்னதுதான் சரி. அவங்கள உள்ள கூப்பிடு."

தானும் பார்க்க வேண்டுமென்று அந்த அக்கா கேட்டார். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தார்.

"இதுவா? நாலு முத்து ஒட்டினாப்ல இருக்கே!"

"வடிவம் நல்லாருக்கும்மா. அதுக்காக நிச்சயம்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

"தெரியும் டாக்டர். நீங்க வைங்க."

இரண்டு வாரம் கழித்து வந்த ரத்தப் பரிசோதனையை நானே செய்தேன். நம்பாமல் இன்னொரு முறையும் செய்தேன். பிறகு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு அவர்கள் காத்திருந்த வராந்தாவுக்கு ஓடினேன்.

"அக்கா, தங்கிருச்சு!"

அவர் அழவில்லை. எழுந்து நின்று கணவர் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டுச் சிரித்தார். தேம்பித் தேம்பி அழுதது அந்த லோரிக்காரர்தான்.

அன்றிலிருந்து எங்கள் குறிப்பேட்டில் கருவின் வடிவத்துக்குப் பக்கத்தில் பார்த்த நேரத்தையும் எழுதச் சொன்னார் டாக்டர். ஒரு முறை பார்த்து யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்றானது.

மாதம் நிறைந்து, ஒரு காலை நேரத்தில் அந்த அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நான் நின்றிருந்தேன். உள்ளிருந்து வந்த முதல் அழுகை கட்டடத்தையே கூப்பிடுவதுபோல் இருந்தது. என்னை அறியாமல் கை தட்டினேன். தாதிகளும் தட்டினார்கள்.